குளத்துப் புல் கெண்டை: இரையும் பிடிப்பும்

(மைசூருவில் ஏரிக் குத்தகையாளர்களும் பண்ணைக் குட்டை வைத்திருப்போரும் கூடிய கூட்டமொன்றில் தமிழ் பேசும் உழவர்களுக்காக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மீன் குஞ்சு விடுவது பற்றியும், குளத்துக்கு உரமிடுவது பற்றியும், தீவனம் பற்றியும் நூல்கள் நிறைய வந்துள்ளன. வளர்ந்த மீனைப் பிடிப்பது பற்றி அந்நூல்களில் ஒரு பத்தி இருந்தால் அதிகம். "ஆண்டு முடிவில் இழுவலை கொண்டு அறுவடை செய்க" என்று எழுதி முடித்துவிடுவார்கள். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த ஒரு வாக்கியம் பெரும்பாலும் போதும். புல் கெண்டைக்குப் போதாது. இன்று நான் பேச வந்திருப்பது அந்த ஒரு மீனைப் பற்றி மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் நஞ்சன்கூடு பக்கத்தில் ஒரு விவசாயி தம் அரை ஏக்கர்க் குட்டையில் முதன்முறையாக மீன் வளர்த்தார். மற்ற கெண்டை இனங்களோடு அறுபது புல் கெண்டைக் குஞ்சுகளும் விட்டிருந்தார். கரையிலிருந்த கால்நடைப் புல்லில் ஒரு பங்கை நாள்தோறும் அவர் மனைவி அறுத்துக் குட்டையில் போட்டு வந்தார். ஆண்டு முடிவில் வலை இழுத்தபோது நானும் அங்கிருந்தேன். கட்லாவும் ரோகுவும் வலையின் மடியில் வந்து குவிந்தன. வலை கரையை நெருங்கும் சமயத்தில் புல் கெண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, மிதவைக் கயிற்றைத் தாண்டி, பின்னால் இருந்த நீரில் விழுந்தன. ஒரு மீன் வலை பிடித்திருந்த இளைஞரின் தோளில் மோதி அவரையே நீரில் சாய்த்துவிட்டது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குட்டைக்கு உரியவர் சிரிக்கவில்லை. எண்ணிப் பார்த்ததில் அறுபதுக்கு ஒன்பது மீன்களே கிடைத்திருந்தன. மறுநாளும் இழுத்தார்கள், இரண்டு வந்தன. மூன்றாம் நாள் ஒன்றுகூட வரவில்லை. ஓராண்டுக் காலம் அந்த அம்மையார் அறுத்துப் போட்ட புல் அத்தனையும் சதையாக மாறிக் கண்ணெதிரே நீந்திக்கொண்டிருக்கிறது, கைக்கு வரவில்லை. அவர் வாங்கியிருந்த கடனுக்குத் தவணை நாளும் நெருங்கியிருந்தது. "ஏதாவது மருந்து போட்டு மிதக்க வைத்துவிடலாமா?" என்று அவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையைப் பின்னர் கூறுகிறேன். முதலில் இந்த மீன் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

வந்த வழி

புல் கெண்டை நம் நாட்டு மீன் அன்று. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் எல்லையாக ஓடும் ஆமூர் ஆறு தொடங்கித் தென்சீனத்து ஆறுகள் வரை அதன் தாயகம். சீனர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகக் குளங்களில் வளர்த்து வந்துள்ளனர். 1959ஆம் ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து அதன் குஞ்சுகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரிஸ்ஸாவின் கட்டக் நகரில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் குளங்களில் விடப்பட்டன. அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து வெள்ளிக் கெண்டையும் வந்து சேர்ந்தது.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1957 ஜூலை 10ஆம் நாள், டாக்டர் ஹீராலால் சௌத்ரியும் டாக்டர் அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டை மீன்களைச் சினையிடச் செய்து வெற்றி கண்டிருந்தனர். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாக நாம் கொண்டாடுகிறோம். இதே முறையில் 1962இல் புல் கெண்டையும் கட்டக்கில் சினையிட்டது. 1971இல் கூட்டு மீன் வளர்ப்புக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை என்னும் ஆறு இனங்களை ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கும் முறை அதன்பின் நாடெங்கும் பரவிற்று. மேல் நீரில் ஒன்று, நடு நீரில் ஒன்று, அடி நீரில் ஒன்று என ஒவ்வோர் இனமும் தனக்குரிய உணவைத் தின்று வளர்வதே இம்முறையின் உட்கருத்து. இதில் குளத்துப் பாசியையும் புல்லையும் தின்னும் பொறுப்பு புல் கெண்டையைச் சேர்ந்தது.

கன்னடத்தில் இதனை ஹுல்லுகெண்டெ என்கிறார்கள். நம் கெண்டையும் அவர்கள் கெண்டெயும் ஒரே சொல்தான். கொள்ளேகாலம், ஹனூர் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மொழியிலும் விலை பேசுபவர்கள் அவர்கள்.

அதன் இயல்பு

சிறு குஞ்சாக இருக்கும்போது புல் கெண்டை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிறது. விரல் நீளம் வளர்ந்ததும் மெல்லிய பாசியைக் கடிக்கத் தொடங்கி, ஒரு சாண் அளவை எட்டும்போது ஏறக்குறைய முழுச் சைவமாகிவிடுகிறது. வாயில் பல் இல்லை; தொண்டையில் சீப்புப் போன்ற பற்கள் உள்ளன. அவற்றால் புல்லை அறுத்து அரைத்து விழுங்குகிறது. இரைப்பை என்று தனியே ஒன்று இல்லை. தின்றதில் ஏறத்தாழப் பாதி செரிக்கிறது. மீதி குளத்திலேயே கழிவாக விழுந்து, மற்ற மீன்களுக்கு உணவாகும் நுண்ணுயிர்களை வளர்க்கிறது. ஆகவே தனக்கும் தின்று பிறருக்கும் உரமிடும் மீன் இது.

வெதுவெதுப்பான நீரில் இளம் மீன் தன் உடல் எடை அளவு பாசியை ஒரே நாளில் தின்றுவிடும். ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஏறத்தாழ நாற்பது, ஐம்பது கிலோ நீர்ப்பாசி வேண்டியிருக்கும். உணவுக்குக் குறைவில்லாத குளத்தில் ஓராண்டில் ஒன்றரை, இரண்டு கிலோவை எளிதாக எட்டும். வேலம்பாசி, சிற்றிலைப் பாசிகள், அசோலா ஆகியவற்றை விரும்பித் தின்னும். கரைப் பயிர்களில் கம்பு நேப்பியர்ப் புல், வாழையிலை, முட்டைக்கோசின் வெளியிலைகள் ஆகியவற்றை ஏற்கும். ஆகாயத்தாமரையை மட்டும் வேறு வழியற்ற நிலையில்தான் தொடும். "ஆகாயத்தாமரையை ஒழிக்கப் புல் கெண்டை விட்டோம், ஒழியவில்லையே" என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் பலர். பசுவைக் கூட்டிவந்து கள்ளிச்செடியைக் காட்டியது போன்ற கதைதான் அது.

பிடிப்பதற்கு நமக்கு வேண்டிய குணங்கள் மூன்று. முதலாவது, இது அச்சம் மிகுந்த மீன். கரையில் நிழல் விழுந்தால், நிலம் அதிர்ந்தால், கூட்டமாக ஓடிவிடும். இரண்டாவது, தடையைக் கண்டால் இதற்குத் தாண்டத் தோன்றும். சாதாக் கெண்டையைப் போல வலைக்கு அடியில் சேற்றைத் தோண்டிக்கொண்டு நுழையாது. மூன்றாவது, இது பழக்கத்துக்கு அடிமை. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் புல் விழுந்தால், பத்துப் பதினைந்து நாட்களில் அந்நேரத்துக்கு அவ்விடத்தில் வந்து காத்திருக்கும். முதல் இரண்டு குணங்களும் நமக்கு எதிர். மூன்றாவது ஒன்றே நமக்கு உதவி. ஆதலால் புல் கெண்டையைப் பிடிக்கும் வேலை குஞ்சு விட்ட மாதத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அறுவடை நாளில் தொடங்குபவர் தோள்பட்டையில் அடி வாங்குவார்.

புல் மூலை

குளத்தின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஆள் நடமாட்டமும் மாடு இறங்கும் துறையும் அங்கே இருக்கக் கூடாது. நீர் இடுப்பளவு இருந்தால் நன்று. தரை சமமாகவும், கல்லும் வேருமின்றியும் இருக்க வேண்டும். நான்கு மூங்கில்களைச் சதுரமாகக் கட்டி மிதக்கவிட்டு, நகராதபடி இரண்டு முளைகளில் கட்டிவிடுங்கள். புல்லை அதற்குள்ளேயே போடுங்கள். இதனால் புல் குளம் முழுதும் பரவி அழுகாது. மீன் தின்றதா, மீந்ததா என்பதும் கண்ணுக்குத் தெரியும். மீந்த தண்டுகளை மாலையில் எடுத்துவிட வேண்டும். புல் கெண்டைக்கு முற்றிய தண்டு பிடிப்பதில்லை. அதைக் குளத்திலேயே விட்டால் அழுகி நீரின் உயிர்வளியைக் குடிக்கும்.

நேரத்தை மாற்றாதீர்கள். காலை ஏழு மணி என்றால் என்றும் ஏழு மணிதான். போடுபவர் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் பெண்கள்தாம் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். அவர்கள் காலடி ஓசைக்கே மீன் கூடுவதை நான் பல குட்டைகளில் கண்டிருக்கிறேன். இதை அறிந்தவர்களைக் கேட்காமலே ஆண்கள் வலைக்காரரை அழைத்து வருவது வழக்கமாக இருக்கிறது!

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், புல் போதவில்லை என்று கேட்ட ஒருவருக்கு, "பக்கத்து வயல் வரப்பில் இருக்கும் புல்லை அறுத்துப் போடுங்கள்" என்று யோசனை கூறினேன். அந்த வயலில் அவ்வாரம் பூச்சிமருந்து தெளித்திருந்தார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் பதினொரு புல் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மற்ற இனங்களுக்கு அன்று எதுவும் ஆகவில்லை. புல்லைத் தின்றது இது ஒன்றுதானே. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். முசுக்கொட்டை இலையில் மருந்து பட்டிருக்குமோ என்று எத்தனை கவனம் கொள்கிறீர்களோ, அதே கவனம் இந்த மீனுக்கும் வேண்டும். இயலுமானால் குளக் கரையிலேயே நான்கு வரிசை நேப்பியர் நட்டுக்கொள்ளுங்கள். கரை மண் சரியாமல் இருப்பதற்கும் அது உதவும்.

வலையால் பிடித்தல்

புல் மூலை பழக்கமான பிறகு, அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாக, அந்த மூலையைச் சுற்றி ஒரு வலையை நீரின் அடித்தரையில் படுக்க வையுங்கள். அரைவட்டமாக, மூலையின் இருபுறக் கரையையும் தொட்டபடி அது கிடக்க வேண்டும். வலையின் மேல் கயிற்றில் நீளக் கயிறுகளைக் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, புதர் மறைவில் முடிந்து வையுங்கள். முதல் இரண்டு நாட்கள் மீன் சந்தேகப்படும். புல்லைத் தொடாமலும் இருக்கும். பிறகு வலையை மறந்துவிடும். கடைசி நாளுக்கு முந்திய நாள் புல் போடாதீர்கள். மறுநாள் வழக்கமான நேரத்தில், வழக்கமானவரே, இளம்புல்லாகப் பார்த்துப் போடட்டும். மீன் கூடித் தின்னும் ஓசை கரைக்குக் கேட்கும். இலையைக் கிழிக்கும் அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். அப்போது இருபுறத்திலும் ஒரே வேளையில் கயிற்றை இழுத்து வலையை நிறுத்த வேண்டும். நின்ற வலையின் மேல் விளிம்பு நீருக்கு மேலே மூன்று, நான்கு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாண்டிவிடும். உள்ளே அடைபட்ட மீனைச் சிறு இழுவலையாலோ கைப்பிடி வலையாலோ எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு இடங்களில் பிசகு நேரும். ஒரு பக்கத்துக் கயிறு முன்பும் மறுபக்கத்துக் கயிறு பின்புமாக எழுந்தால், எழாத பக்கம் வழியாக மொத்தக் கூட்டமும் போய்விடும். அடுத்தது பேராசை. "இன்னும் நாலு வரட்டும்" என்று காத்திருந்தால், வயிறு நிறைந்த மீன்கள் விலகத் தொடங்கும். பாதி கூடியிருக்கும்போதே இழுத்துவிடுவது நலம். முதல் முயற்சியில் தப்பியவற்றை அன்றே மீண்டும் துரத்தாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் வலையைக் காட்டாமல் புல்லை மட்டும் காட்டுங்கள்.

குளம் முழுவதையும் இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் நீரைக் குறையுங்கள். வலையின் உயரம் நீரின் ஆழத்தைப் போல் இரு மடங்காவது இருக்கட்டும். வலைக்குப் பின்னால் சில அடி தள்ளி இரண்டாவது வலை ஒன்றையும் கூடவே நகர்த்தி வந்தால், முதல் வலையைத் தாண்டிய மீன் இரண்டுக்கும் இடையில் விழும். ஆள் கூடுதலாகத் தேவைப்படும். சிறு குட்டைக்காரர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒருவருக்கொருவர் உதவினால் கூலி மிஞ்சும். பேசாமல், மெதுவாக இழுக்க வேண்டும். ஊர்ச் சிறுவர்கள் நீரில் குதித்து மீனை விரட்டுவது வேடிக்கையாக இருக்கலாம். வலைக்கு அது பயன்படாது.

செவுள் வலையைப் பற்றிக் கேட்பீர்கள். பெரிய ஏரிகளில் அது ஒன்றுதான் நடைமுறைக்கு ஒத்தது. ஆனால் சிக்கிய மீன் திமிறித் திமிறிச் செதில் உதிர்ந்து விடுவதால், உயிரோடு விற்க நினைப்பவருக்கு அது ஏற்றதன்று.

தூண்டிலால் பிடித்தல்

தூண்டிலை அறுவடைக் கருவியாக எண்ணுவோர் குறைவு. ஆனால் வலைக்குத் தப்பிய ஐந்து, பத்துப் பெரிய மீன்களுக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வீட்டுக்கும் உறவினர்க்கும் அவ்வப்போது ஒரு மீன் வேண்டுமென்றால் அதற்காக வலைக்காரரை அழைக்கவும் முடியாது.

மைசூருச் சீமைக்குத் தூண்டில் புதிதன்று. 1946இல் கபினி ஆற்றில் மைசூரு வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர் தூண்டிலில் பிடித்த 120 ராத்தல் மசீர் மீன், அதாவது ஏறத்தாழ 54 கிலோ, இன்றும் பேசப்படுகிறது. பாடம்பண்ணிய விலங்குகளுக்குப் பெயர்பெற்ற குடும்பம் அது. காவிரியில் மசீர் பிடிக்க வந்தவர்கள் இரையாகப் பயன்படுத்தியது பெரும்பாலும் நம் ராகிக் களி உருண்டைதான். ராகி மாவைக் கெட்டியாகக் கிண்டி, சூட்டோடு பிசைந்து, ஆறியபின் உருட்டி முள்ளில் ஏற்றுவார்கள். கெட்டியாக இருப்பதால் சிறு மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது.

அதே ராகி உருண்டையைப் புல் கெண்டைக்குப் போட்டால் என்ன ஆகும்? தவிடும் பிண்ணாக்கும் இட்டு வளர்த்த குளமானால் கடிக்கும். புல்லை மட்டுமே தின்று வளர்ந்த குளத்தில் உருண்டை அடியில் கிடக்கும்; சாதாக் கெண்டை வந்து எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் எதைக் கொடுத்து வளர்த்தீர்களோ அதுவே உங்கள் இரை. புல் போட்டவர் புல்லையே முள்ளில் கோக்க வேண்டும். நேப்பியரின் குருத்திலையை இரண்டு மூன்றாக மடித்து, முள்ளின் தண்டோடு நூலால் கட்டி, முனை மட்டும் சற்றே தெரியும்படி விடுங்கள். ஈயக்குண்டு வேண்டாம். இலை மூங்கில் சட்டத்துக்குள் மற்ற இலைகளோடு இலையாக மிதக்க வேண்டும். தக்கையும் முள்ளுக்கு அருகில் இருக்கக் கூடாது. ஏழெட்டு அடி தள்ளி இருக்கட்டும்.

வேறு இரைகளில், பால் பிடித்த இளம் மக்காச்சோள மணிக்கு முதலிடம் தருவேன். இரண்டு மூன்று மணிகளைக் கோத்துவிடலாம். ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை, ரொட்டியின் மேல்தோல் ஆகியவையும் நல்லவை. ரொட்டித் தோல் மிதப்பதால் மீன் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பட்டு நூற்பாலைகளில் கிடைக்கும் கூட்டுப்புழுவைச் சிலர் பிசைந்து சேர்க்கிறார்கள். சீனத்தின் முத்தாற்றுப் படுகையில் முசுக்கொட்டைத் தோப்பும் பட்டுப்புழுவும் மீன் குளமும் ஒன்றாகவே நடத்தப்பட்டு வந்தன. புழுவின் எச்சமும் கூட்டுப்புழுவும் குளத்துக்குப் போயின. ஆகவே அது புதிய எண்ணமல்ல. ஆனால் அதன் வாடைக்குச் சாதாக் கெண்டையே முந்திக்கொண்டு வரும்.

எந்த இரையானாலும் முள் இல்லாமல் நான்கைந்து நாட்கள் அதே இடத்தில் தூவிப் பழக்குங்கள். ஆறாம் நாள் முள்ளோடு போடுங்கள். கோடையில் விடியற்காலையும் அந்தி நேரமும் ஏற்றவை. மார்கழி, தை மாதங்களில் மைசூரு நீர் காலையில் குளிர்ந்திருக்கும். மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறிய பின் போனால் போதும். கரையில் உட்கார்ந்தே இருங்கள். நிற்பவரின் நிழல் நீரில் விழும்.

மீன் கடித்ததும் வெடுக்கென இழுக்க வேண்டாம். இலையை வாயில் வாங்கித் திரும்பும்போது நரம்பு தானே ஓடத் தொடங்கும்; அப்போது நிதானமாக இழுத்தால் முள் பதியும். அடுத்து நடப்பதுதான் புதியவர்களை ஏமாற்றுகிறது. இம்மீன் முதலில் எதிர்ப்பே இல்லாமல் கரைக்கு வரும். இறந்த கட்டையை இழுப்பது போல இருக்கும். கரையையும் ஆளையும் கண்ட நொடியில் விழித்துக்கொண்டு, அம்பு போல நடுக் குளத்துக்குப் பாயும். கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தவர் விரல் அறுபடும், நரம்பு தெறிக்கும். ஆதலால் கையில் சுற்றாதீர்கள். ஓட விடுங்கள், களைத்த பின் இழுங்கள். இப்படி இரண்டு, மூன்று பாய்ச்சல்கள் இருக்கும். கடைசியில் கைப்பிடி வலையை முன்கூட்டியே நீருக்குள் அமிழ்த்தி வைத்து, மீனின் தலைப்பக்கத்திலிருந்து அதற்குள் கொண்டுவர வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கியவர் எவரும் மீனோடு வீடு திரும்பியதை நான் பார்த்ததில்லை.

மருந்து வேண்டாம்

இப்போது அந்த நஞ்சன்கூட்டு நண்பரின் கேள்விக்கு வருகிறேன். குஞ்சு விடுவதற்கு முன்பு, குளத்தில் இருக்கும் களை மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு இடுவது ஏற்கப்பட்ட முறையே. கன்னடத்தில் ஹிப்பெ என்பார்கள். ஆனால் அது குளத்தில் உள்ள எல்லா மீனையும் கொல்லும்; பிடிக்கப்படாத சிறு மீன்களும் அடுத்த ஆண்டுக்கு விட்டுவைத்தவையும் சேர்ந்தே போகும். பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மீனைத் தின்பவர் யார்? அந்த நீரைக் குடிக்கும் மாடு யாருடையது? நீரில் நஞ்சிட்டோ வெடி வைத்தோ மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. அமெரிக்காவில் ஏரிகளிலிருந்து புல் கெண்டையை அகற்ற, முதலில் வெறும் உருண்டைகளைத் தூவிப் பழக்கி, பின்பு நஞ்சு கலந்த உருண்டைகளைத் தருவதற்கு முறை வகுத்தார்கள். அவர்களுக்கு அந்த மீன் உணவல்ல, தொல்லை. நமக்கு அது ஓராண்டு உழைப்பு. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அந்தப் பழக்கும் பாதி மட்டுமே.

தொல்லை என்று அவர்கள் சொல்வதற்குக் காரணமும் உண்டு. 1963இல் அங்கே கொண்டுவரப்பட்ட மீன் பண்ணைகளிலிருந்து தப்பி, மிசிசிப்பி ஆற்றில் தானே இனம் பெருக்கத் தொடங்கிவிட்டது. அதன் முட்டை மூழ்காமல், மிதக்காமல், நெடுந்தொலைவு ஓடும் நீரில் உருண்டு சென்றால்தான் பொரிக்கும். தேங்கிய குளத்தில் அது பெருகாது; ஆகவேதான் ஆண்டுதோறும் நாம் குஞ்சு வாங்குகிறோம். ஆனால் மழைக்காலத்தில் கலிங்கு வழியாகப் போகும் மீன் கால்வாய்க்கும், அங்கிருந்து கபினிக்கும் காவிரிக்கும் போகும். 1952இல் நம் நீர்நிலைகளுக்கு வந்த திலேப்பியா இன்று எந்தக் குட்டையில் இல்லை? காவிரியின் மசீர் அருகிவிட்ட இனங்களுள் ஒன்று. அதன் ஆற்றில் இன்னொரு விருந்தாளியை நாமே கொண்டுபோய் விட வேண்டியதில்லை. கலிங்கிலும் மதகிலும் கம்பி வலை அடியுங்கள். ஆவணி மழைக்கு முன் அதைச் சரிபாருங்கள். பறவைகள் கூடும் ஏரிகளில், பாசியையும் கோரையையும் நம்பிச் சிறு மீன்களும் நீர்க்கோழிகளும் வாழும் இடங்களில், புல் கெண்டையை விடுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். அது எதைத் தின்னும் என்று நமக்குத் தெரியும். எப்போது நிறுத்தும் என்று அதற்குத் தெரியாது.

அன்று அந்த நண்பரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "தவணைக்கு எத்தனை நாள் இருக்கிறது?" மூன்று வாரம் என்றார். உடனே வலையைச் சுருட்டி வைக்கச் சொன்னேன். அவர் மனைவி வழக்கம்போல் புல் போட்டு வந்தார். ஒன்பது நாட்கள் மீன் அந்த மூலைக்கு வரவேயில்லை. பத்தாம் நாள் இலைகள் கிழிந்திருந்தன. இரவல் வாங்கிய வலையைத் தரையில் படுக்க வைத்தோம். பதினேழாம் நாள் காலையில் அந்த அம்மையாரே புல்லைப் போட்டுவிட்டு, அவரே கையசைத்துச் சைகை காட்டினார். இருபுறமும் இழுத்தோம். முப்பத்திரண்டு மீன்கள் உள்ளே இருந்தன. பெரியது மூன்றரைக் கிலோ.

மீதியைத் தூண்டிலுக்கென்று விட்டுவிட்டார்கள். சோள மணியிலும் நேப்பியர்க் குருத்திலுமாக அவர்கள் மகன் அடுத்த மழைக்காலத்துக்குள் பதினைந்து பிடித்தான். கணக்குப்படி இன்னும் இரண்டு வர வேண்டும். போன முறை நான் போயிருந்தபோது, காலை ஏழு மணிக்குப் புல் விழுந்ததும் மூலையில் நீர் ஒருமுறை அசைந்தது.